வயலினைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். பத்து வருஷமாக வயலின் கற்கிறாள். மேற்கொண்டும் அதைத்தான் படிப்பேன் என்கிறாள். அத்தான் பொறியியல் கலந்தாய்வுக்குப் பணம் கட்டிவிட்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மிருதங்கம் வாசித்துப் பிழைப்பவன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எந்தக் கல்லூரி என்று பேசினோம். பேச்சு இரவு பத்து வரை போனது. அன்று பேசியதையும், அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே குழப்பத்தில் இன்னும் நாலு வீடுகள் இருக்கும்.

முதலில் அவளை வாசிக்கச் சொன்னேன். மோகனம் வாசித்தாள். சுத்தமான கை. வில் நடுங்கவில்லை, அந்த இடத்திலேயே கற்பனையாகப் போடும் கல்பனாஸ்வரத்தில் கணக்கு தப்பவில்லை. அப்புறம் பக்கத்துத் தெருவில் பாட்டு கற்கும் பெண்ணை வரச் சொல்லி, அவள் பாட, இவளை வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை; கட்டை ஏற ஏறச் சுருதி உயரும். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பாடம் சொன்னவர் ஆண்; பத்து வருஷமும் ஒன்றரைக் கட்டையில் தளர்த்திக் கட்டிய தந்தியிலேயே வாசித்துப் பழகிவிட்டாள். தந்தியை ஐந்தரைக்கு ஏற்றியதும் வயலின் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. விரல் அழுத்தம் போதவில்லை, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வழுக்கியது. பாடுகிற பெண் ராகத்தில் எங்கே போகிறாள் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒவ்வொரு சங்கதிக்கும் அரை விநாடி பின்னால் ஓடினாள். பத்து நிமிஷத்தில் முகம் சிவந்துவிட்டது.

"மாமா, தனியா வாசிச்சா நல்லாத்தானே வருது?" என்றாள்.

வருகிறதுதான். ஆனால் கர்நாடக இசையில் வயலின்காரருக்குக் கிடைக்கும் மேடைகளில் பெரும்பாலானவை பக்கவாத்திய மேடைகள். தனிக் கச்சேரி வாய்ப்பு பெயர் வாங்கிய பிறகுதான். ஆகவே அவளுக்கு வேண்டிய படிப்பின் பாதி, விதவிதமான குரல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது. இதை மனதில் வைத்துப் பார்த்தால் கல்லூரிகளின் வரிசையே மாறிவிடுகிறது. பாட்டு படிக்கப் போகிற பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் வேறு. நாகஸ்வரத்துக்கு இன்னும் வேறு.

தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் நான்கு: சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு. கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. 2013இல் தொடங்கிய இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டம் தருகிறார்கள். பட்டயப் படிப்பும் உண்டு. கட்டணம் குறைவு, பொறியியல் கல்லூரிக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று அத்தானே ஒத்துக்கொண்டார். இந்த நான்கில் சென்னைக்குத் தனிக் கதை உண்டு. 1949இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கியபோது முதல் முதல்வர் முசிறி சுப்ரமணிய ஐயர். பின்னாளில் வயலின் மேதை டி.என். கிருஷ்ணன் அங்கே பாடம் சொன்னார். கிரீன்வேஸ் சாலையில், அடையாற்றங்கரையில், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பங்களா ஒன்றில் இருக்கிறது கல்லூரி. பழைய பெயர் பிராடி கோட்டை, அப்புறம் தென்றல்.

பெயர்களைக் கேட்டதும் அக்கா கண்கள் விரிந்தன. நான் உடனே தண்ணீர் ஊற்றினேன். ஒரு கல்லூரியில் 50 வருஷத்துக்கு முன் யார் பாடம் சொன்னார்கள் என்பது உங்கள் பிள்ளைக்கு உதவாது. இன்று அந்த வயலின் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார், நிரந்தரமா, கௌரவ விரிவுரையாளரா, அடுத்த ஜூனிலும் அவரே இருப்பாரா என்று கேட்க வேண்டும். நான் படித்தது ஓர் அரசு இசைக் கல்லூரியில்தான். எந்த ஊர் என்பது வேண்டாம். மூன்று வருஷத்தில் மிருதங்க ஆசிரியர் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முதல் வேலையாக என் கையைப் பிடித்து, "இந்த 'தீம்' அடி இப்படியா வாசிப்பது?" என்று அவரவர் பாணிக்குத் திருப்பினார்கள். மூன்றாவது ஆள் போகும்போது எனக்கு எந்தப் பாணியும் இல்லாமல் போயிருந்தது. மூன்று வருஷத்தில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது மொத்தம் ஒன்பது முறை. அதில் ஆண்டு விழாவும் குடியரசு தினமும் அடக்கம். மிச்சமெல்லாம் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே கோர்வையை (தாளக் கணக்குத் தொடரை) சேர்ந்து வாசித்தது.

ஆனால் அந்த மூன்று வருஷம் வீண் என்று சொல்ல மாட்டேன். பட்டம் கிடைத்தது. இன்று ஒரு தனியார் பள்ளியில் வாரம் மூன்று நாள் வகுப்பெடுக்கிறேன் என்றால் அது அந்தக் காகிதத்தால். மாதச் சம்பளம் இல்லாமல் மார்கழியையும் கல்யாண சீசனையும் மட்டும் நம்பி ஒரு மிருதங்கக்காரன் குடும்பம் நடத்த முடியாது. அப்புறம், இலக்கணப் பாடம். 72 மேளகர்த்தா, தாள தசப் பிராணம், சிலப்பதிகார அரங்கேற்று காதை என்று அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டு படித்தது, இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கை கொடுக்கிறது.

திருவையாறு எங்களுக்குப் பக்கம். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம், விடுதிச் செலவு இல்லை, இதுவரை பாடம் சொன்ன வாத்தியாரையும் விட வேண்டாம். அத்தானுக்கு இதுதான் பிடித்தது. தை மாதம் தியாகராஜர் ஆராதனையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவருடைய பஞ்சரத்தின கீர்த்தனைகள் கேட்கும் ஊர் என்பதில் அக்காவுக்குப் பக்தி. (வராளியை குரு நேரே உட்கார வைத்துப் பாடம் சொல்லக்கூடாது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று இன்னும் நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. எனக்கு வாய்த்த ஒரு வாத்தியார் சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடிக் காட்டினார்.) எனக்கு இருந்த தயக்கம் ஒன்றே. போக வர இரண்டரை மணி நேரம், கல்லூரி ஆறு மணி நேரம், சாப்பாடு, தூக்கம் போக, சாதகத்துக்கு, அதாவது தினப் பயிற்சிக்கு, என்ன மிஞ்சும்? வயலினுக்கு நாளைக்கு நான்கு மணி நேரம் வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து கை பழக்க முடியாது. அதே ஊரில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

சிதம்பரத்தைப் பற்றி அக்காதான் கேட்டாள். அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரி 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கியது. சபேசய்யர், தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் எல்லாம் தலைமை ஏற்ற இடம். தமிழ்ப் பாடல்களுக்கு மேடை கேட்ட தமிழிசை இயக்கத்தின் வேர் அங்கே ஓடுகிறது. பெரிய பல்கலைக்கழக வளாகம், நூலகம், விடுதி, மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வழி எல்லாம் ஒரே இடத்தில். பேராசிரியர் ஆக வேண்டும், தேவாரப் பண் ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் தயங்காமல் சிதம்பரத்துக்கு அனுப்புவேன். இவள் அந்த ரகம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவாள்.

இதே வரிசையில் இன்னும் சில இடங்களைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். சென்னை ராணி மேரி கல்லூரியில் பெண்களுக்கு இசையில் பி.ஏ. உண்டு, கடற்கரைக்கு எதிரே, நகரத்தின் நடுவில். திருச்சியில் 1977 முதல் இயங்கும் கலைக் காவிரி, பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டத்தோடு. சென்னை ராஜா அண்ணாமலை மன்றத்துத் தமிழிசைக் கல்லூரி, தமிழ்ச் சாகித்தியத்தில் ஊறிப் பாட விரும்புகிறவர்களுக்கு. சென்னை மியூசிக் அகாடமியின் உயர்நிலைப் பள்ளி, ஏற்கெனவே கச்சேரி அளவுக்குப் பாடத் தெரிந்தவர்களுக்கானது. அங்கே வாய்ப்பாட்டுதான், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு போகிற இடமும் அல்ல.

கலாக்ஷேத்ராவில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கியது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. திருவான்மியூரில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். வெளியே போக்குவரத்து இரைந்துகொண்டிருக்க, உள்ளே ஆலமரத்தடியில் காலைப் பிரார்த்தனையோடு நாள் தொடங்கும். இசைக்கு நான்கு வருஷப் பட்டயப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருஷம். உள்ளேயே விடுதி. போக்குவரத்தில் ஒரு நிமிஷம் வீணாகாது. டைகர், மைசூர் வாசுதேவாச்சாரியார் காலத்திலிருந்து குரு வழியாக வருகிற பாட்டு வடிவம், பாடாந்தரம் என்பார்கள், ஒன்று அங்கே இருக்கிறது.

வயலின்காரிக்கு அங்கே இருக்கும் பெரிய லாபத்தை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. அது நடனம். நாள் முழுக்க யாராவது எங்காவது வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடிக்கொண்டிருப்பார்கள். நாட்டியத்துக்கு வாசிப்பது தனிக் கலை. பாடகர் ஒரே வரியைப் பதினாறு முறை பாடுவார். ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இழைக்க வேண்டும். ஜதி (ஆட்டத்தின் தாளச் சொற்கட்டு) முடிகிற இடத்தில் வில் சரியாக வந்து உட்கார வேண்டும். இதைத் தெரிந்த வயலின்காரர்களுக்கு அரங்கேற்ற வாய்ப்புகள் வருஷம் முழுக்க வரும், வெளிநாட்டுப் பயணமும் வரும். சபா கச்சேரியில் கிடைப்பதைவிட இதில் வருமானம் நிச்சயம். குறை என்று பார்த்தால், கையில் கிடைப்பது பட்டயம், பட்டம் அல்ல. பிற்பாடு எம்.ஏ. சேரவோ ஆசிரியர் வேலைக்கோ அதை ஏற்பார்களா என்று, சேர விரும்பும் இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வாய்வார்த்தையை நம்பக்கூடாது.

கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியை அவள்தான் எடுத்தாள், வயது அப்படி. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கியது. மேற்கத்திய சங்கீதம், இந்துஸ்தானி, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம். அரசுக் கல்லூரியோடு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய கட்டணம் அல்ல, பல மடங்கு. ஆனால் அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. சினிமா ஒலிப்பதிவில் வயலின் வரிசையில் உட்கார வேண்டுமானால் ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது மேற்கத்தியக் கோட்டு இசைக்குறிப்பை, பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். ச ரி க ம தெரிந்திருந்தால் போதாது. கர்நாடக வயலினில் எவ்வளவு கை இருந்தாலும் அந்தத் தாளைப் படிக்கத் தெரியாவிட்டால் அங்கே நாற்காலி கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் 30 வயதுக்கு மேல், தன் மாணவனிடமே அதைக் கற்றுக்கொண்டார். இதற்காகக் கல்லூரியே மாற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வாரம் இரண்டு நாள் ஒரு மேற்கத்திய வயலின் ஆசிரியரிடம் போய், மேற்கத்திய இசைக்கான டிரினிட்டி தேர்வுகளை ஒவ்வொரு கிரேடாக எழுதினாலே அந்தக் கதவு திறக்கும். பிடிப்பும் வில் பிடிக்கும் விதமும் வேறு என்பதால் முதல் ஆறு மாதம் கை குழம்பும், அவ்வளவுதான். நேரே மேற்கத்திய இசைதான் வாழ்க்கை என்று முடிவு செய்த பிள்ளைக்கு நான் சொல்வது பொருந்தாது.

கடைசியில் அத்தான் கேட்டார்: "கல்லூரியே வேண்டாம், பெரிய வித்வான் ஒருவரிடம் விட்டுவிட்டு, பி.காம். தபாலில் எழுதினால் என்ன?" நல்ல கேள்வி. இன்று மேடையில் இருக்கும் பலர் இசையைக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். டி.எம். கிருஷ்ணா பொருளாதாரம் படித்தவர். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்தை ஓரமாக ஓடவிட்டு, நாள் முழுக்க குருவோடு இருப்பது, சரியாக அமைந்தால், எல்லாவற்றையும்விட வேகமான வழி. குரு கச்சேரிக்குப் போகும்போது தம்புரா போட உட்காரலாம். கிரீன் ரூமில் என்ன பேசுகிறார்கள், பாடகர் கடைசி நிமிஷத்தில் ராகத்தை மாற்றினால் வயலின்காரர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மத்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தரும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பல வருஷம் குருவிடம் கற்றிருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியமான தகுதி, கல்லூரி அல்ல.

சரியாக அமைந்தால் என்று சொன்னேன். அமையாவிட்டால்? குரு வருஷத்தில் மூன்று மாதம் அமெரிக்காவில் இருப்பார். வாரம் ஒரு மணி நேரம் கணினித் திரையில் பாடம் நடக்கும், அதிலும் சத்தம் அரை விநாடி தாமதமாக வந்து சேரும், சேர்ந்து வாசிக்க முடியாது. மற்ற நாளெல்லாம் பிள்ளை தனியாக அறையில். பதினேழு வயதில் கேட்பாரில்லாமல் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுப் பெண் அப்படி இல்லை. தன்னைச் சுற்றிப் பத்துப் பேர் வாசித்துக்கொண்டிருந்தால்தான் இவளும் வாசிப்பாள். இதை அக்கா வாயாலேயே சொல்ல வைத்தேன். தாய்க்குத்தான் தெரியும்.

நாகஸ்வரமும் தவிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் மூன்று வருஷச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டு வயதிலேயே சேரலாம், பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாடம் எங்கே நடந்தாலும், ஒரு நல்ல செட்டோடு, அதாவது மேளக் குழுவோடு, முகூர்த்தத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் போகாமல் அந்த வாத்தியம் வராது. நான்கு வீதியும் நடந்துகொண்டே, சாமி புறப்பாட்டுக்கான மல்லாரியை வாசிக்கும் மூச்சு, நாற்காலியில் உட்கார்ந்து படித்து வருவதில்லை. கல்லூரியைவிட எந்த வித்வானின் செட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சரி, இவளுக்கு நான் என்ன சொன்னேன்? பாடம், மேடை, பட்டம் மூன்றும் நிறைவாகக் கிடைக்கிற இடம் ஒன்றுகூட இல்லை. எது குறைந்தால் வெளியிலிருந்து நிரப்பிக்கொள்ள முடியும் என்று பார்க்க வேண்டும். பாடத்தைத் தனி ஆசிரியரிடம் நிரப்பிக்கொள்ளலாம். பட்டத்தைத் தபாலில்கூட முடிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆள் இல்லாத குறையைத்தான் காசு கொடுத்து நிரப்ப முடியாது. அதனால் பாட்டு மாணவர்கள் அதிகம் இருக்கும் ஊருக்குப் போ என்றேன். அப்படியென்றால் சென்னைதான். அரசு இசைக் கல்லூரி அல்லது கலாக்ஷேத்ரா, எது கிடைக்கிறதோ. மாலையில் வெளியே ஒரு வயலின் குரு. மார்கழியில் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஒரு நாளில் மூன்று கேட்கலாம், அதில் மூன்று வயலின்காரர்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து பாட வந்த பையனுக்கு ஒத்திகைக்கு வயலின் வேண்டும் என்று யாராவது கேட்டால், ஆட்டோ பிடித்துப் போய் உட்காரலாம். கும்பகோணத்தில் அந்த ஃபோன் வராது.

பாட்டு படிக்கிற பிள்ளையாக இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். குரல் நிலைப்பட்டு, ஐம்பது அறுபது கீர்த்தனைகள் பாடாந்தரத்தோடு சேரும் வரை நல்ல வாத்தியார் இருக்கிற ஊரிலேயே இருப்பது மேல். சீக்கிரம் சென்னைக்குப் போய், எல்லாரையும் கேட்டு எல்லாரையும் போலப் பாடுகிற பிள்ளைகள் ஏற்கெனவே நிறைய.

அத்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. சென்னையில் தங்கும் செலவு, தனியாக ஒரு பெண் பிள்ளை, என்ன வேலை கிடைக்கும் என்று அவர் அடுக்கியதில் எதுவும் பொய்யில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் அந்தக் கல்லூரி வராந்தாவில் போய் நில்லுங்கள். வயலின் வகுப்பிலிருந்து வில் சத்தம் கேட்கிறதா, ஸ்வரம் எழுதச் சொல்லி டிக்டேஷன் கொடுக்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். வாசலில் நிற்கும் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம், இந்த வருஷம் எத்தனை முறை மேடையேறினீர்கள் என்று கேளுங்கள். முதல்வர் அறையில் சொல்வதைவிட அது உண்மையாக இருக்கும். புதன்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறார்.

அவள் இதற்குள் பக்கத்துத் தெருப் பெண்ணோடு தினமும் சாயங்காலம் உட்கார ஆரம்பித்துவிட்டாள். பழைய தந்தி, ஐந்தரைக்கு இழுத்தால் தாங்கவில்லை. நேற்று மூன்றாவது முறையாக அறுந்தது என்று ஃபோன் செய்தாள். புதுசு வாங்க அப்பாவிடம் கேட்க பயமாக இருக்கிறதாம், நீங்களே வாங்கி வாருங்கள் மாமா என்கிறாள். வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு செட்.